டேங்க்கில் பட்டுத் திரும்பிய படம்

டிவியில் பிற்பகல் செய்தி முடிந்தது. வாசித்த பெண் தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கிவிட்டுத் தலை குனிந்தாள். அவளுக்கு வலப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி, வெளுத்துப்போய்த் தெரிந்த அவளுடைய இன்னொரு உருவமும் தாள்களைத் தட்டி அடுக்கியது. ஆனால் தலை குனியவில்லை. நேராகப் பார்த்தது. பொறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகு, அதற்காகவே காத்திருந்த மாதிரி மெதுவாகக் குனிந்தது.

அவருக்கு வந்தது பயமல்ல, கோபம். குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் அதிகாரம் செய்தவர். தன் முன்னால் தலை குனியத் தாமதித்தவர்களை எங்கெங்கோ மாற்றல் செய்து அனுப்பியிருக்கிறார். ஒரு நிழலுக்கு இவ்வளவு திமிரா என்று பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பெட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் தூசு வாசனை கிளம்பியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

வாசல் பலகையில் 'தலைமைப் பொறியாளர்' என்பது உள்ளங்கை அளவிலும், 'ஓய்வு' என்பது எறும்பு அளவிலும் எழுதியிருக்கும். மேற்கே, தெருவுக்கு எதிர்ப்புறம், வீடுகளின் தலைக்கு மேல் எட்டுக் கால்களோடு நிற்கும் தண்ணீர் டேங்க்கை அவர்தான் கட்டினார். அப்படித்தான் அதன் அடியில் பதித்த கல் சொல்கிறது. அந்தக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'டேங்க்' என்று பெயர். அது மரியாதைக்காக வைத்த பெயர் என்று அவர் நம்பியிருந்தார்.

அன்று மாலை ஆறரைக்கு அவர் டிவியில் வரப்போகிறார். பத்து நாள் முன்பு நிலையத்துக்குப் போய், முகத்தில் மாவு பூசிக்கொண்டு, 'நம்மிடையே ஒரு சாதனையாளர்' நிகழ்ச்சிக்காகப் பேசிவிட்டு வந்திருந்தார். பேட்டி எடுத்த இளைஞனால் மூன்று கேள்விதான் கேட்க முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் இவர்தான். தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் அவரே நேரில் போய் அழைத்திருந்தார். அழைத்தார் என்பதைவிட, வரும்படி உத்தரவு போட்டார் என்பது பொருந்தும். கூடம் முழுக்க நாற்காலி போட்டாயிற்று. இந்த நேரம் பார்த்து, ஒரு வாரமாகப் படம் இரண்டிரண்டாக வருகிறது. நாலு பேர் பார்க்கத் தன் முகம் வெளுத்த நிழலோடு வந்து நின்றால், முப்பத்தோரு வருடம் சேர்த்த மதிப்பு அரை மணியில் கப்பலேறிவிடும்.

மெக்கானிக் நாலு மணிக்கு வந்தான். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. திரையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், முடிந்தது.

"டிவி நல்லாத்தான் இருக்கு சார். ஸ்டேஷன்லேருந்து படம் நேரா வருது. அதே படம் அதோ அந்த டேங்க்ல பட்டுத் திரும்பி, கொஞ்சம் லேட்டாவும் வருது. ரெண்டையும் பிடிச்சா ரெண்டாத்தான் தெரியும். டேங்க்குக்கு முதுகைக் காட்டுற மாதிரி ஆன்டெனாவைத் திருப்பிட்டா போதும்."

"அந்த டேங்க் யார் கட்டினதுன்னு தெரியுமா?"

"தெரியும் சார். கல்லுல போட்டிருக்கு."

"அதுல பட்டு வர்றதைக் கோளாறுங்கறே."

"லேட்டா வர்றதுன்னேன் சார்."

மெக்கானிக் மாடிப்படியில் கால் வைப்பதற்கு முன்பே வாசலைக் காட்டிவிட்டார். முதுகைக் காட்டுவதாம். எதற்கு? அவருடைய டேங்க்குக்கு. நிலையம் எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கிறது, டேங்க் கல்லெறி தூரத்தில் இருக்கிறது, பக்கத்திலிருந்து வருவதுதானே பலமாக வரும் என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியது. குழாய்த் தண்ணீருக்குப் போடும் கணக்கு. ஆனால் போட்டவர் தலைமைப் பொறியாளர் என்பதால், வீட்டில் யாரும் அதில் தப்பு சொல்லவில்லை.

ஆறு மணிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். பல் டாக்டர் வந்தார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை வந்தார், மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, டீயையும் பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு, எப்போது எழுந்து போகலாம் என்ற யோசனையோடு உட்கார்ந்தார்கள். பொறியாளர் தன் பிரம்பு நாற்காலியை மட்டும் காலியாக விட்டு, மாடிக்குப் புறப்பட்டார். திரையில் தன் முகம் தெளிவாக வந்ததும், கைதட்டலுக்கு நடுவே படியிறங்கி வந்து அதில் உட்கார்வதாகத் திட்டம். மனைவியின் தம்பியைப் பாதிப் படியில் நிறுத்தினார். அவன் கூடத்தில் திரையைப் பார்த்து மேலே சொல்ல வேண்டும். இவர் மேலே திருப்புவார்.

"நானே ஏறித் திருப்புறேனே அத்தான்."

"இது நூல் பிசகாம செய்யுற வேலை. நீ வாயை மட்டும் ஒழுங்கா வேலை வாங்கு, போதும்."

மொட்டை மாடியில் பகல் முழுக்கக் காய்ந்த சிமென்ட் தரை இன்னும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. அதோடு காக்கை எச்சமும் துருப்பிடித்த இரும்பும் கலந்த ஒரு வாடை, மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை. நடுவில் நின்ற பைப்பின் உச்சியில் ஆன்டெனாவின் அலுமினியக் குச்சிகள் காற்றுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் முனகின, பைப்பிலிருந்து இறங்கிய ஒயர் சுவரில் டப், டப் என்று மோதியது, கொடியில் மறந்துபோன துணிகள் அசைந்தன. டேங்க்குக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததால் அதன் நிழல் எட்டுக் கால்களையும் நீட்டிக்கொண்டு எதிர்வீட்டுக் கூரைகளைத் தாண்டி, தெருவைத் தாண்டி, இவருடைய மாடியின் விளிம்பில் ஏறி, தரையோடு தரையாக ஊர்ந்து, அவர் பைப்பைப் பிடித்த நேரத்தில் அவருடைய செருப்பைத் தொட்டது. தொட்ட இடம் சட்டென்று குளிர்ந்தது. சூரியன் போனால் குளிரத்தானே செய்யும் என்று சொல்லிக்கொண்டார்.

பைப்பைப் பிடித்த உள்ளங்கையில் ஒரு அதிர்வு இருந்தது. மூடிய அறைக்குள் யாரோ பேசுவதை இந்தப் பக்கச் சுவரில் கை வைத்து உணர்வது போல.

கீழே நிகழ்ச்சியின் தொடக்க இசை கேட்டது.

"இப்ப?" என்றார்.

"வந்துட்டீங்க அத்தான். ரெண்டு பேரா வந்திருக்கீங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பைப்பை டேங்க் பக்கம் திருப்பினார். துரு கிறீச்சிட்டது.

"இப்ப?"

"இன்னும் ரெண்டு பேருதான். ஆனா ரெண்டாவது ஆள் கொஞ்சம் தெளிவாயிட்டாரு."

இன்னும் கொஞ்சம் திருப்பினார். குச்சிகளின் நுனி டேங்க்கின் வயிற்றை நேராகச் சுட்டியது. உள்ளங்கையில் அதிர்வு கூடியது.

"இப்ப?"

மைத்துனன் இரண்டு படி இறங்கி ஏறும் சத்தம் கேட்டது.

"ஒருத்தர் போயிட்டாரு. ஒருத்தர்தான் இருக்காரு. சூப்பரா தெரியுது அத்தான், பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி. கையெடுத்துடாதீங்க, நான் போய்ப் பாக்குறேன்."

போனது யார், இருப்பது யார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. மனிதர் வெற்றியில் இருந்தார். மெக்கானிக்கை நாளைக்குக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பைப்பைப் பிடித்தபடியே காதைத் தீட்டினார். கீழிருந்து பேட்டி எடுத்த இளைஞனின் குரல், பெட்டியின் சின்ன ஸ்பீக்கர் வழியாக, மூக்கடைத்தாற்போல் வந்தது. டேங்க்கின் முழுப் பெருமையும் உங்களைத்தானே சேரும் என்று கேட்டான். இந்த இடத்தில்தான் இவர் நிறுத்தாமல் ஆறு நிமிடம் பேசினார். மனப்பாடமாக இருந்த முதல் வாக்கியத்தை, தன் குரலோடு சேர்ந்து முணுமுணுக்க வாயைத் திறந்தார்.

கீழே நிசப்தம். அரை நொடி.

"இல்லை" என்றது அவருடைய குரல்.

அவர் வாய் திறந்தபடி நின்றார்.

"வரைபடம் போட்டது எங்க ஓவர்சியர். அவரை வெளியூருக்கு மாத்திட்டு, நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டேன். கல்லுல அவர் பேர் இருந்திருக்கணும்."

முதலில் நிலையத்துக்காரர்கள் மேல் சந்தேகம் வந்தது. வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எந்த அமைச்சரிடம் சொல்லி யாரைத் தொலைக்கலாம் என்று பட்டியல் போடக்கூட ஆரம்பித்துவிட்டார். ஆனால் எதை வெட்டி எதை ஒட்டுவது? ஓவர்சியர் என்ற சொல்லே அன்று அவர் வாயில் வரவில்லை. அந்த மாற்றலின் காரணம் கோப்பில்கூட இல்லை. ஓவர்சியருக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்தது. கீழே தலைமை ஆசிரியை, "பெரிய மனசுங்க, இவ்வளவு நாளா தெரியாமப் போச்சே" என்று சொல்வது தெளிவாகக் கேட்டது. அவரைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவர் சொல்லாததற்காகக் கிடைத்தது.

பைப்பை வேகமாகப் பழைய பக்கம் திருப்பினார். குச்சிகள் திரும்பின. கீழே அவருடைய குரல் மாறவில்லை. இன்னும் திருப்பினார், ஒரு முழுச் சுற்று. டேங்க், எதிர்வீடு, பின்தெரு, மறுபடி டேங்க். குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தது. யாரையோ நலம் விசாரித்தது. பல் டாக்டரின் மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டதா என்று கேட்டது. டாக்டர் பதில் சொன்னார்.

டாக்டர் பதில் சொன்னார்.

பத்து நாள் முன்பு பதிவான நிகழ்ச்சிக்கு.

கீழே 'டொக்' என்று டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. இளைஞனின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. அவருடைய குரல் நிற்கவில்லை. அதில் இப்போது ஸ்பீக்கரின் மூக்கடைப்பு இல்லை; கூடத்துச் சுவர்களில் மோதி வரும், தொண்டையும் நெஞ்சும் உள்ள குரல். கூடவே பிரம்பு நாற்காலி நெரியும் சத்தம். அவருடைய எடைக்கு மட்டும் அது அப்படி நெரியும்.

"ஏம்ப்பா" என்று கூப்பிட்டார். வாய் அசைந்து மூடியது. பிறகுதான் சத்தம் வந்தது. பக்கத்தில் யாரோ சொன்னது போல, மெல்லியதாக.

பைப்பிலிருந்து கையை எடுத்தார். கை வந்தது. கையின் விளிம்பு கொஞ்சம் கழித்து வந்தது.

படியில் காலடி கேட்டது. மனைவி. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அவளிடம் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற பழக்கத்தில் அதை அடக்கிக்கொண்டு, நேரே போய் முன்னால் நின்றார். அவள் கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டாள். திரும்பினாள். அவர் நின்ற இடத்தைப் பார்த்து, கண்ணில் தூசு விழுந்தாற்போல் இமையைக் கசக்கினாள். மறுபடி பார்த்தாள். ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். படியின் பக்கம் திரும்பி, கீழே.

"சொல்லும்மா" என்றது குரல். அம்மா என்று அவர் அவளை அழைத்ததே இல்லை. ஏய் என்பார், மிஞ்சிப்போனால் இந்தா என்பார்.

"மேல யாராவது இருக்காங்களா? யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு."

"யாரும் இல்லம்மா. கதவைச் சாத்திட்டு வா."

அவள் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. இளவயதில் வந்திருக்க வேண்டியது. பொறியாளர் கையை நீட்டினார். நான்தான் என்றார். அவள் ஏற்கனவே உள்ளே போயிருந்தாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, மூடிய தகரக் கதவின் முன்னால், "நான்தான்" என்ற சொல் வந்து சேர்ந்தது.

கதவைத் தட்டினார். தட்டிய சத்தமே வரவில்லை. கதவடியில் சரிந்து உட்கார்ந்தார்.

இருட்டிக்கொண்டு வந்தது. டேங்க்கின் நிழல் மாடியை முழுக்க மூடிவிட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் அங்கேயே தங்கியது. காற்று நின்றும் குச்சிகள் முனகின. கீழே சிரிப்பு. வரிசையாக, மனம் விட்டு. தன் வீட்டுக் கூடத்தில் ஆட்கள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. மைத்துனனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. அத்தான், அத்தான் என்று, பயமில்லாமல். பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தாலும், இருப்பவரை விட்டுவிட்டுப் பழையவரைத் தேடிக்கொண்டு யார் மாடியேறுவார்கள்? இதை அவரே யோசித்தார். அவருடைய வாழ்க்கையில் அவர் போட்ட சரியான கணக்கு அது ஒன்றுதான்.

விருந்தாளிகள் எழுந்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

பிரம்பு நாற்காலி நெரிந்தது.

அரை நொடி.

கதவடியில் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால்கள் நிமிர்ந்தன. அவர் நிமிர்த்தவில்லை.

நின்றார். திரும்பினார். தெருப்பக்கம் பார்த்து நாலு அடி நடந்தார். நின்றார். கீழே, கூடத்தின் வாசற்கதவு திறக்கும் சத்தம்.

பேச்சு வாசலுக்கு வந்தது. மனைவி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், இவர் ஒருத்தரையும் வழியனுப்ப எழுந்தே வந்ததில்லை, இன்னிக்குத்தான் பாக்கறேன் என்று. தலைமை ஆசிரியை போய்வருகிறேன் என்றார். பொறியாளரின் வலது கை, அவரைக் கேட்காமல், காதுயரத்துக்கு எழுந்து அசைந்தது. உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டன. சிரிப்பு. அந்தத் தசைகளுக்குப் பழக்கமில்லை, வலித்தது.

கத்தப் பார்த்தார். சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது.

முன்பக்கம் அவர் கைப்பிடிச் சுவர் வைக்கவில்லை. மாடியில் உட்கார்ந்தால் டேங்க் அடி முதல் நுனி வரை தெரிய வேண்டும் என்று வெறும் விளிம்பாக விட்டிருந்தார். விளிம்புக்கு அப்பால் தெருவிளக்கு எரிந்தது. நாலு எட்டு தூரம்.

கீழே, விளிம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து அவருடைய குரல் கனிவாகச் சொன்னது:

"இருங்க, இருட்டா இருக்கு. தெருமுனை வரைக்கும் நானும் வரேன்."

செருப்பு மாட்டும் சத்தம். பிறகு காலடி.

ஒன்று.

அவர் வலது கால் முன்னே போனது.

இரண்டு. இடது.

குதிகாலை ஊன்றப் பார்த்தார். ஊன்ற முடியவில்லை. விரல்களை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

மூன்று.

யாரோ ஏதோ சொல்ல, கீழே இருந்தவர் சிரித்தார். மேலே இவர் தோள் குலுங்கியது.

நான்கு.

செருப்பு நுனி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தார். முகப்புக்கு அடியிலிருந்து, தெருவிளக்கின் வெளிச்சத்துக்குள், ஒரு உச்சந்தலை வந்தது. நடுவில் வட்டமாக வழுக்கை. தன் தலையில் அப்படியொரு வழுக்கை இருப்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பக்கத்தில் தலைமை ஆசிரியை. பின்னால் டாக்டர். அந்தத் தலை அவர்களைப் பார்த்து ஏதோ கேட்டுவிட்டு, கேட்டை நோக்கி நிம்மதியாக இன்னொரு அடி எடுத்து வைத்தது.

மேலே நின்றவருக்கு அரை நொடி இருந்தது.